தடைக்காலத்தில் எட்டுப் பாடல்கள்

எங்கள் ஊருக்கு இரண்டு கடல்.
தெற்கே ஆண்கடல், கத்தும்.
வடக்கே பெண்கடல்,
சித்திரையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்.
இந்த இசைக்குப் பெயர் புதிய அலை என்று
சார்ஜாவிலிருந்து வந்த லிகோரி சொன்னபோது
பெர்க்மான்ஸ் சிரித்தான்:
வடகடல்ல பழைய அலையே கெடையாதேடா.

லிகோரி கொண்டுவந்தது ஒரு கீபோர்டு.
என்னைவிட நாலு வயது மூத்தது.
பாம்பன் முழுக்க விசைப்படகுகள் கயிற்றில்,
அறுபத்தொரு நாள்.
ஐஸ் பிளான்ட் ஓடவில்லை,
கணக்கெழுத எனக்கு மீன் இல்லை.
முதலாளியிடம் சாவி கேட்டேன்.
கரண்ட் பில் உன் சம்பளத்துல, என்றார்.

தெர்மகோல் அடித்த சுவர்.
கச்சான் காற்று உள்ளே வராது.
மீன்வாடை மட்டும் எட்டுப் பாட்டிலும் இருக்கிறது,
கேட்டுப் பாருங்கள்.

கிட்டார் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு.
தாளத்துக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓர் ஆள் இருந்தான்,
எண் நாற்பத்தேழு.
டிஷ் டக், டிஷ் டிஷ் டக்.
களைக்க மாட்டான்,
பங்கு கேட்க மாட்டான்.

இடக்கையில் மூன்று விரல்,
வலக்கையில் ஒன்று,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
போதும், என்றான் லிகோரி.
உருகாதே.
ஏலம் கூறுகிறவன் மாதிரி முகத்தை வை.

வரிகள் சித்தி ஜுனைதா எழுதியது.
கீழக்கரைக்காரி,
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மேசை.
மூன்றாவது பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:
வட்டி கட்டாத வளையலே
உன்னை ஓர் எண்ணால் அழைக்கிறேன்
பெர்க்மான்ஸ் அதைப் பாடினான்,
வயர்லெஸ்ஸில் டீசல் அளவு சொல்வதுபோல.

உப்பு ஏறி நடுவில் ஒரு கட்டை
அமுக்கினால் எழாது,
கையை எடுத்தாலும் ஒலிக்கும்.
லிகோரி தீக்குச்சியால் நெம்பினான்.
நான் தேங்காயெண்ணெய் என்றேன்.
சும்மா விடுங்க, என்றாள் ஜுனைதா.
ஆறாவது பாட்டு முழுக்க அந்த ஒரு சுரம்
படுத்தே கிடக்கிறது.
நாங்கள் நாலு பேரும் அதன்மேல்
முழங்கால் தண்ணீரில் நடக்கிறோம்.

இரண்டாவதில் பாலத்து ரயில் கேட்கும்.
வெட்டியெடுக்கத் தெரியவில்லை.

ஆனி பிறந்த அன்று
ஐஸ் உடைக்கிற எந்திரம் திரும்பியது.
எட்டாவது பாட்டு அதனால்தான் பாதியில் நிற்கிறது,
கலை என்று நினைக்க வேண்டாம்.
பதினேழு பென்டிரைவ்,
ஒன்று இருநூற்றைம்பது ரூபாய்.
விற்றது நான்கு.
அதில் ஒன்று லிகோரியின் அம்மா.

ஒன்றைப் பெர்க்மான்ஸ் படகுக்குக் கொண்டுபோனான்.
மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்கள்.
கோட்டைத் தாண்டியதாக.
இருபத்தாறு நாள் கழித்து ஆள் வந்தான்,
தாடியோடு.
படகு வரவில்லை.

பென்டிரைவ்?
ஸ்டீரியோவுலயே கெடக்கு. தலைமன்னார் துறைல.
காவலுக்கு நின்ன பய மொத ராத்திரி போட்டுக் கேட்டான்.
மூணாவதை ரெண்டு தடவை.
புடிச்சிதாமா?
அவனுக்குத் தமிழ் தெரியாதே.
காலை ஆட்டுனான், நாப்பத்தேழுக்கு.

லிகோரி நோட்டில் எழுதிக்கொண்டான்:
வெளிநாட்டு வெளியீடு, ஒன்று.
ஒருவரும் சிரிக்கவில்லை.
படகின் மேல் இருபத்திரண்டு லட்சம் நிற்கிறது.

ஆடி இரண்டாம் செவ்வாய்
நான் வங்கிக்குச் சலான் கட்டப் போயிருந்தேன்.
வரிசையில் பெர்க்மான்ஸின் மனைவி,
கைக்குட்டையில் நாலு வளையல்.
தராசு இறங்கிற்று.
ரசீது எண் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு,
கண்ணாடி வழியே எனக்கே தெரிந்தது.
மற்றவர்களை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டாள் ஜுனைதா.
இந்த முறை எழுந்து நின்று,
பிலோமி அக்கா,
என்றாள்.